அண்டி ஆபீஸ் முற்றத்தில் கராத்தே

என் தங்கை வசந்தி குழித்துறையில் கட்டிய புது வீட்டுக்குத் தரைக்கல் வந்து சேரவில்லை. நான் கராத்தேயை மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து நான் வந்தது பால்காய்ப்புக்கு. புது வீடு புகுவதைக் குமரி மாவட்டத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்திருந்த தங்கை கணவர் ராஜன், பெட்டியைக் காரில் ஏற்றி, கதவைச் சாத்தி, வண்டி நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அக்கா, ஒரு சின்ன காரியம். பால்காய்ப்பு கொஞ்சம் தள்ளிப் போச்சு.”

“எவ்வளவு?”

“கொத்தனார்ட்ட கேட்டா கல்லு வந்தாத்தான் வருவேன்னு சொல்லுதான். கல்லுக்காரன்ட்ட கேட்டா கொத்தனார் வந்தாத்தான் எறக்குவேன்னு சொல்லுதான். ரெண்டு பேரையும் ஒரே நாளு பிடிச்சுக் கெட்டணும். நீங்க லீவு நெறய எடுத்துட்டுத்தானே வந்திருக்கிய?”

எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்திருந்தேன். விழா முடிந்ததும் திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி கடற்கரை என்று சுற்றுவதாகத் திட்டம். அந்த மூன்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பியவள் எழுதும் பயணக் கட்டுரை இது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வசந்தி வீடு கட்டி முடியும்வரை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். முதல் நாள் காலையில் புட்டும் சிறுபயறும் பப்படமும் மட்டிப்பழமும் வைத்தாள். எங்கள் ஊரில் ‘புத்து மாயாம்’ என்று சைக்கிளில் கொண்டுவந்து விற்பது இடியாப்பம். இங்கே புட்டு என்றால் குழலிலிருந்து உருளையாக இறங்குகிறது. அதன் தலையில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தையும் பயறையும் சேர்த்துப் பிசைந்து உருட்டித் தின்ன வேண்டும். ராஜன் செய்துகாட்டினார். நான் இரண்டு குழல் தின்றேன். மதியம் சிவப்பரிசிச் சோறு, மீன் புளிமுளம் என்கிற கெட்டிக் குழம்பு. சோறு ஒவ்வொரு பருக்கையும் முத்து மாதிரி. மென்றே ஆக வேண்டும். வேகமாகச் சாப்பிட்டுப் பழகிய எனக்குத் தாடை வலித்தது.

மலேசிய நேரம் உடம்பில் இருந்ததால் மறுநாள் விடியுமுன்னே விழிப்பு வந்துவிட்டது. நடந்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன். ஆற்றுப் பக்கம் போகும் சாலையில், பாசி பிடித்த உயரமான மதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது.

“இச்! நி! சான்! ஷி!”

ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. ஏழு கடல் தாண்டி வந்தாலும் அந்த எண்ணிக்கை காதில் விழுந்தால் இடுப்பு நிமிர்ந்துவிடும் எனக்கு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தேவகி. வயது நாற்பத்தாறு. மகளைக் கராத்தே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டுபோய் வெளியே உட்கார்ந்திருந்தவள், ஒரு நாள் உட்கார அலுத்து உள்ளே போனேன். மகள் சில மாதங்களில் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. பழுப்புப் பட்டைவரை வந்தாயிற்று. கறுப்புப் பட்டைத் தேர்வில் ஒரு முறை தோற்றேன். தோற்றது பெரிய வருத்தமில்லை. தேர்வு முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, மெல்லிய பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு தேர்வாளர்கள் மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். “அந்த ஆன்ட்டிக்கு வயதாகிவிட்டது. அடுத்த முறை எப்படியும் கொடுத்துவிடலாம். காசியான்.” காசியான் என்றால் பாவம் என்று பொருள். அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த தேர்வு நான் ஊர் திரும்பியதும் வரவிருந்தது. அதில் என்ன செய்தாலும் தேறிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை.

மதிலில் இருந்த இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போனேன்.

அது ஒரு பழைய முந்திரி ஆலை. இந்தப் பக்கத்தில் அதை அண்டி ஆபீஸ் என்கிறார்கள். முந்திரிக்கொட்டைக்கு இங்கே அண்டி என்று பெயர். வேலைக்குப் போகும் இடமெல்லாம் ஆபீஸ். ஆலை நின்று சில வருடம் ஆகியிருந்தது. கொட்டை காயப்போடும் சிமெண்டு முற்றம் மட்டும் பெயராமல் கிடந்தது, ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு. அதில் வெள்ளை உடையில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். எதிரில் எண்ணியவள் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். ஒல்லி, கறுப்பு, பின்னலைச் சுருட்டிக் கொண்டையாகக் கட்டியிருந்தாள். ஓரத் திண்டில் பிள்ளைகளின் அம்மாக்கள் நைட்டியும் தோளில் துவர்த்து என்கிற துண்டுமாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடியும்வரை நின்றேன். பிறகு போய் வணங்கினேன்.

“பாத்தாலே தெரியுது, படிச்ச ஆளுன்னு. எந்த பெல்ட்டு?” என்றாள்.

சொன்னேன்.

“அடிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்.”

சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு, முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, அடியெடுத்து வைத்துக் குத்தும் அடிப்படைக் குத்தைச் செய்துகொண்டே போனேன். கத்தவேண்டிய இடத்தில் நன்றாகவே கத்தினேன். அவள் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு இரண்டு விரலை என் தோளில் வைத்துத் தள்ளினாள். அவ்வளவுதான். நான் தடுமாறி இரண்டடி பின்னால் போய் ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை மிதித்தேன். திண்டிலிருந்து சிரிப்பு வந்தது.

“அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியுது. ஒண்ணும் நிக்கல்ல.”

மிதித்த போத்தலை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

“பொறத்த இருக்க காலுல குதி பொங்குது. இடுப்பு திரும்புகதுக்கு முன்ன கை போயிருது. கையால அடிக்கிய. கொசு அடிக்க அது போதும். எத்தன நாளு இங்க நிப்பிய?”

“தரைக்கல் வரும்வரை” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். “செரி. நாளைக்கு வாங்க. பழுப்பு பெல்ட்ட பையில வச்சிருங்க. வெள்ள வரிசையில நிக்கணும்.”

அவள் பெயர் அஜிதா. ஊரில் எல்லாருக்கும் அஜிதா மாஸ்டர். ஷார்ஜாவில் ஒரு பெண்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்தவள். சொந்த ஊரில் சொந்தமாக வகுப்பு நடத்த வேண்டும் என்று வந்துவிட்டாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவளை மாஸ்டர் என்று கூப்பிட எனக்கு எந்தக் கூச்சமும் வரவில்லை. கிள்ளானில் யாரும் என்னைத் திருத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ‘நல்லாருக்கு ஆன்ட்டி, நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பத்து நிமிடம் நிற்பார்கள். இங்கே முதல் நாளே ஒருத்தி என்னிடம் உண்மையைச் சொன்னாள். வீட்டுக்கு நடந்து வரும்போது பசித்தது. வசந்தி வைத்திருந்த மரச்சீனிக் கிழங்கை மீன் குழம்போடு ஒரு பிடி பிடித்தேன்.

மறுநாளிலிருந்து, தேர்வுக்குப் பயிற்சி செய்யக் கொண்டுவந்திருந்த வெள்ளை உடையில், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றேன். அவர்களின் தலை என் விலாவுக்கு வந்தது.

முதலில் நிற்கக் கற்றேன். முன்கால் மடங்கி, பின்கால் நீட்டி, இரண்டு பாதமும் தரையை அழுத்தி நிற்பது. அதை ஆயிரம் தடவை செய்திருப்பேன். ஒரு தடவையும் நின்றதில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அஜிதா பின்னால் வந்து என் குதிகாலை விரலால் தட்டுவாள். “பொங்குது.” நான் அழுத்துவேன். முன்முட்டி உள்ளே சாயும். “முட்டி.” அதைச் சரிசெய்தால் தோள் ஏறும். தோளுக்கு அவள் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். இரண்டு தோளிலும் ஒவ்வொரு மட்டிப்பழத்தை வைத்துவிடுவாள். விரல் நீள வாழைப்பழம். குத்தும்போது தோள் ஏறினால் பழம் விழும். விழுந்த பழம் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு. என் இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகள் நான் குத்தும்போதெல்லாம் பழம் விழ வேண்டும் என்று வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார்கள். முதல் சில நாள் அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

திண்டில் உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு. அவர்களில் ஷோபனா என்று ஒருத்தி, வாய் ஓயாது. ஆலை ஓடிய காலத்தில் அங்கேயே முந்திரி ஓடு உடைக்கும் வேலை பார்த்தவள். ஒரு நாள் என் காதுபடவே சொன்னாள்.

“ஏட்டி, அந்த மலேசியாக்காரியப் பாரு. கோழி குப்பையக் கிண்டுத மாதிரி காலு வைக்கா.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அது சரியான உவமை. “நீங்க வந்து நின்னு காட்டுங்க” என்றேன்.

“நானா? நைட்டிய இட்டுக்கிட்டா?”

“நாளைக்கு வேற எதையாவது இட்டுக்கிட்டு வாங்க.”

வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் மகளின் பள்ளி டிராக் பேண்டை மாட்டிக்கொண்டு, மேலே கணவரின் பெரிய பனியனும் போட்டு, துவர்த்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அஜிதா அவளுக்கும் சேர்த்து எண்ணத் தொடங்கினாள். ஷோபனாவின் முதல் கத்தலில் மதில் மேலிருந்த காகங்கள் எழும்பின. அதற்கடுத்த நாள் திண்டிலிருந்து இன்னும் சிலர் இறங்கிவந்தார்கள். வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் என்னைப் பார்த்தாள். நாற்பத்தாறு வயதில் இவள் இவ்வளவு திட்டு வாங்கியும் நிற்கிறாளே, நாம் நின்றால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும்.

நடுவில் ஒரு நாள் வகுப்பைத் தவறவிட்டேன். மார்த்தாண்டத்தில் விடியற்காலையிலேயே நல்ல மீன் வரும் என்று வசந்தி சொன்னாள் என்று போனவள், திரும்பும்போது பேருந்தில் கோட்டை விட்டேன். பின்னால் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். தமிழும் மலையாளமும் கலந்து, ஒவ்வொரு வாக்கியமும் ஏறி இறங்கி, பாட்டு மாதிரியே இருந்தது. ஒருத்தி இன்னொருத்தியின் மருமகளைப் பற்றி ஏதோ சொல்ல, அவள், “நீ கண்டியா? கண்ணால கண்டியா?” என்று மறுபடி மறுபடி கேட்டாள். அதில் லயித்துப்போய் இறங்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. பேருந்து நின்றபோது கடைப் பலகைகளில் பாதி மலையாளம். களியக்காவிளை, கேரள எல்லை. நடத்துநர், “எங்கம்மா போணும்?” என்றார். குழித்துறை என்றேன். “அது போயி ரொம்ப நேரமாச்சே” என்றார். மீன் பையோடு நான் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அஜிதா மீனை எட்டிப் பார்த்து, “நெய்மீனா? நல்லதாக்கும்” என்றாள். பிறகு, “முப்பது தண்டால்” என்றாள். எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் சிதறால் மலைக்குக் கூட்டிப்போனாள். நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரம். அவள் எங்களை நடக்க விடவில்லை, ஓட வைத்தாள். உச்சியில் பாறையைக் குடைந்து சமணர்கள் செய்த கோயில். பாறைச் சுவர் நெடுக உட்கார்ந்தும் நின்றும் தீர்த்தங்கரர்கள். ஷோபனா மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு நின்ற சிலையைப் பார்த்தாள். “கேட்டியளா மாஸ்டர், இவரு எவ்வளவு ஒறப்பா நிக்காரு! குதி பொங்கல்ல, தோளு ஏறல்ல.”

அஜிதா, “அவரு கத பேசலியே, அதாக்கும்” என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் விரிந்து கிடந்த பாறையில் வெறுங்காலோடு நின்று குத்தினோம். சமதளமில்லாத பாறை. ஒவ்வொரு அடிக்கும் பாதம் தரையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கீழே தென்னையும் ரப்பரும், வெள்ளிக் கம்பியாக ஆறு. காற்று உடையைப் படபடவென்று அடித்தது. பயிற்சியின் நடுவில் ஒரு குத்து வித்தியாசமாகப் போனது. பின்குதியில் தொடங்கி, தொடை வழியாக வந்து, இடுப்பு திரும்பி, கை கடைசியில்தான் போனது. உடையின் கைப்பகுதி சாட்டை மாதிரி ஒரு சத்தம் போட்டது. நான் அந்தச் சத்தத்தை இத்தனை வருடம் மற்றவர்களின் உடையில்தான் கேட்டிருக்கிறேன். அடுத்த குத்துக்கு அது வரவில்லை. அதற்கடுத்ததற்கு வந்தது.

காவலாளி ஓடி வந்தார். “இங்க சண்டை எல்லாம் பிடிக்கப்பிடாது கேட்டியளா!” அஜிதா அவரைச் சமாதானப்படுத்தினாள். அடிவாரக் கடையில் பாலில்லாத கட்டஞ்சாயாவும் வாழைக்காப்பமும் சாப்பிட்டோம். எங்கள் ஊர் பீசாங் கோரெங்கேதான். வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கும் அறிவு எல்லாக் கடற்கரைக்கும் இருக்கிறது.

அங்கே வைத்துத்தான் அஜிதா விஷயத்தைச் சொன்னாள். அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளியில் ஆண்டுவிழா. அங்கே பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் கராத்தே வகுப்பு வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். விழாவில் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

“அது கெடச்சா நான் இங்ஙணயே நிப்பேன் அக்கா. இல்லன்னா ஷார்ஜாவுல கூப்புடுதாவ. போகாம பற்றாது, வேற வழியில்ல.”

ஷோபனா சாயா கிளாசைக் கீழே வைத்தாள். 

விழா நாளன்று வேன் பிடித்துக் கிளம்பினோம். அஜிதாவின் அம்மா வாசலில் நின்று, “அய்யா உண்டு” என்று எல்லாருக்கும் நெற்றியில் வெள்ளை மண் நாமம் இட்டுவிட்டார். அய்யாவழி என்ற இந்தப் பக்கத்து நெறியைப் பின்பற்றும் குடும்பம். நாகர்கோவில் தாண்டியதும் வயல்கள். நாற்று நட்ட பச்சை, குளம், குளத்தில் வெள்ளைப் பறவைகள், தூரத்தில் மலை. மேற்கே இருந்த தென்னையும் ரப்பரும் சட்டென்று காணாமல் போய்விட்டன. இன்னும் கிழக்கே போகப் போகப் பனைமரமும் காற்றாலையும். அங்கே வைத்து வேன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கமிருந்து ஆவி வந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, “வெள்ளம் ஊத்தி ஆறவிடணும்” என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார்.

அஜிதா சாலை நடுவில் போய் நின்று, வந்த முதல் வண்டியை மறித்தாள். வாழைக்குலை ஏற்றிய மினி லாரி.

“ஏறுங்க மக்கா, குலைய மட்டும் மிதிச்சிராதீங்க” என்றார் ஓட்டுநர்.

வெள்ளை உடையில் நாங்களும் டிராக் பேண்டில் அம்மாக்களும் குலைகளுக்கு நடுவில் ஏறி நின்றோம். வெட்டிய காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. அஞ்சுகிராமத்தில் இறங்கும்போது ஒரு வெள்ளை உடையும் வெள்ளையாக இல்லை. வாழைக்கறை பட்டால் துணி கிழிந்தாலும் கறை போகாது என்றாள் ஷோபனா. அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. மூத்த மாணவி பிரியா லாரியிலிருந்து குதித்தபோது கால் மடங்கிவிட்டது. கடைசி நிகழ்ச்சியில் அஜிதாவோடு மோதவேண்டியவள் அவள்தான். கணுக்கால் பந்தாக வீங்கியது.

பிள்ளைகள் வரிசையாகச் செய்துகாட்டியபோது நல்ல கைதட்டல். ஷோபனாவும் மற்ற அம்மாக்களும் கத்தியபோது அதைவிடப் பெரிய கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளித் தாளாளர் மட்டும் மைக்கை வாங்கி, சிரித்த முகமாகவே ஒன்று கேட்டார்.

“பாக்க நல்லாருக்கு மாஸ்டர். ஆனா எல்லாம் பேசி வச்சுச் செய்யறதுதானே? நெசமாவே ஒருத்தன் அடிக்க வந்தா இது நிக்குமா?”

நியாயமான கேள்வி. அஜிதா பிரியாவைப் பார்த்தாள். பிரியா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தாள். நான் எழுந்து நின்றேன்.

அஜிதா கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். “அக்கா, எங்க அடிப்பேன்னு சத்தமாச் சொல்லுவேன். ஆனா நெசமாத்தான் அடிப்பேன். பைய, மெதுவா அடிச்சா இவுகளுக்குத் தெரிஞ்சிரும்.”

“பைய அடிச்சீங்கன்னா நான் இப்பவே உக்காந்துடுவேன்” என்றேன்.

எதிரெதிரே நின்று வணங்கினோம். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள்: “அந்தம்மாவுக்கு வயசாவுது, பாத்து அடிங்க மாஸ்டர்!” சிரிப்பு எழுந்தது. அஜிதாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“முகம்!”

ஒரே பாய்ச்சல். நான் பின்னால் கால் வைத்துக் கையை மேலே எடுத்தேன். அவள் முன்கை என் முன்கையில் மோதிய சத்தம் பந்தலின் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். எலும்பில் இறங்கிய வலி ஒரு கணம் கண்ணை மறைத்தது. ஆனால் முகத்துக்கு எதுவும் வரவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். 

“நெஞ்சு!”

அரை நொடி பிந்திவிட்டேன். கை தடுக்க வருவதற்குள் அவள் கைமுஷ்டி என் விலாவில் இறங்கியது. மூச்சு நின்றுபோனது. பந்தல் முழுக்க ‘ஐயோ’ என்றது. தாளாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அஜிதாவின் கண் மட்டும் கேட்டது: போதுமா? நான் பழைய இடத்துக்குப் போய் நின்று, தலையை அசைத்தேன்: இன்னொன்று. அவளும் இரக்கப்படவில்லை. அதற்காக அவளை நான் என்றும் மறக்கமாட்டேன்.

“நெஞ்சு!”

அதே இடம், அதே வேகம். இந்த முறை நான் எதையும் நினைக்கவில்லை. பின்குதி தரையைப் பிடித்தது. இடுப்பு திரும்பியது. அவள் கை விலகிப் போக, என் வலக்கை புறப்பட்டு அவள் நெஞ்சுத் துணியைத் தொட்டு நின்றது. வாழைக்கறை பட்ட என் கைத்துணி சாட்டையாக ஒலித்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். முதலில் ஷோபனா கத்தினாள், “எக்கோவ்!” என்று. பிறகு எல்லாரும்.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் தாளாளர் அஜிதாவிடம் வந்தார். “எப்பம் இருந்து வாறீங்க?” என்று மட்டும் கேட்டார். அவள் இலையில் வைத்த சோற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். கையில் ஐஸ் சுற்றியிருந்தோம், இருவரும். ஷோபனாதான் பதில் சொன்னாள், “வார திங்கள்லேர்ந்து!” என்று.

திரும்பும் வழியில், ஆறிப் பிழைத்த அதே வேனிலிருந்து, கிள்ளானில் இருக்கும் என் கராத்தே ஆசிரியரை, சென்சாயை, தொலைபேசியில் அழைத்தேன். தேர்வில் என்னைத் தனியாக நிறுத்தி எளிதாகக் கேட்பது வேண்டாம், இளைஞர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துங்கள், என் எதிரில் நிற்பவரிடம் முழுவேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள் என்று மலாயில் சொன்னேன். 

“தேவகி, இப்படிக் கேட்டால் தோற்கக்கூடும்.”

“தோற்றால் மறுபடி வருவேன்.”

ஊர் திரும்பி அப்படியே நின்றேன். இருபது வயதுப் பையன் ஒருவன் என் உதட்டைக் கிழித்தான். நான் தேறினேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

நான் கிளம்புமுன் பால்காய்ப்பு ஒருவழியாக நடந்தது. கல்லும் கொத்தனாரும் ஒரே நாளில் வந்துவிட்டார்கள். பட்டுச்சேலைக்கு என் ரவிக்கையின் கை குட்டை. முன்கை முழுவதும் கருநீலம். பால் பொங்கும்போது எல்லார் கண்ணும் அடுப்பில் இருக்க, ராஜனின் அத்தை ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல என்னை ஓரமாக இழுத்தார்.

“மக்கா, வீட்டுக்காரர் கை ஓங்குவாரா? எங்கிட்ட சொல்லலாம்.”

“அவரு கிள்ளான்ல இருக்காரு அத்தை. இது மாஸ்டர் அடிச்சது. நானும் அடிச்சேன்.”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாயசத்தை என் டம்ளரில் நிறைய ஊற்றினார்.

கிளம்பும் நாள் காலையிலும் முற்றத்துக்குப் போனேன். விலாவில் இன்னும் வலி இருந்தது. அம்மாக்களின் வரிசை இப்போது பிள்ளைகளின் வரிசைக்குச் சமமாக நீண்டிருந்தது. ஷோபனாவுக்கு வெள்ளை உடை வந்துவிட்டது, மடிப்புக்கூடக் கலையவில்லை. அஜிதா வழியனுப்பும் பேச்சு எதுவும் பேசவில்லை. எண்ணத் தொடங்கினாள். வரிசையாக ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டு வந்தாள். ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்குத் தோள், ஷோபனாவுக்கு வாய்.

மதிலுக்கு வெளியே ராஜன் ஹாரன் அடித்தார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். “இச்” என்றாள். நான் குத்தினேன். என் குதியைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். நீட்டிய கையின் நுனிவரை பார்த்தாள். ஹாரன் மறுபடி கேட்டது. அவள் எதையும் திருத்தாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.